கோடு போட்ட சேட்டும் கறுத்த முகமும்

1. கனடாவிலிருந்து வந்த குரல்

காலைத் தேத்தண்ணி ஆறுவதற்கு முன்பே ஒருவர் என்னைக் கள்ளியாக்கிவிட்டார். முகம் தெரியாத ஆள். போனில் குரல் பதிவு வந்திருந்தது.

"அக்கா, நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஆனா செய்தது கள்ள வேலை. நேரலையிலை என்ரை அப்பாவின்ரை முகம் கண்டிப்போய்க் கறுத்துக் கிடந்தது. கண்ணடி, கன்னம், கழுத்து எல்லாம் கறுப்பு. இஞ்சை வீட்டிலை இருந்த அவ்வளவு பேரும் கண்டவை. இப்ப நீங்கள் அனுப்பின வீடியோவிலை முகம் துப்புரவாக் கிடக்கு. என்ரை தங்கச்சி சொல்லித்தானே மாத்தினனீங்கள்? அவள் என்ரை அப்பாவை என்ன செய்தவள்?"

பேசியவர் பெயர் குகன். கோப்பாய்க்காரர், கனடாவில் இருக்கிறார். தகப்பன் இறந்த நேரம் அவருக்குக் காலில் ஒப்பரேசன் செய்திருந்ததால் விமானம் ஏற முடியவில்லை. செத்தவீட்டை நேரலையில்தான் பார்த்தார். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். குகனின் தங்கச்சி வதனிதான் தகப்பனோடு கோப்பாயில் இருந்து கடைசிவரை பார்த்தவள்.

அந்தச் செத்தவீட்டை எடுத்து நேரலையில் விட்டவர் சீலன். எங்கள் பக்கத்தில் கமரா வேலை செய்கிறவர். எடுத்ததை வெட்டி ஒட்டி முழு வீடியோவாக்குவது என் வேலை. கொக்குவிலில் ரெயில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருந்து எத்தனையோ வருசமாக இதைச் செய்கிறேன். கலியாணம், பெண்பிள்ளைகள் பெரிசாகிற சாமத்தியவீடு, பிறகு செத்தவீடு. செத்தவீடு செய்யமாட்டேன் என்று தொடக்கத்தில் சொல்லிப் பார்த்தேன். ஊரில் பாதிச் சனம் வெளியில் இருக்கும்போது அந்தப் பேச்சு எடுபடுமா? எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நான் மட்டும் கதிரையில் இருந்தபடியே கோப்பாய்ச் சுடலை, கொக்குவில் சுடலை எல்லாம் போய் வந்துவிட்டேன்.

குரல் பதிவோடு குகன் ஒரு படமும் அனுப்பியிருந்தார். நேரலை ஓடியபோது அவர்கள் வீட்டுப் பெரிய ரீவியைப் போனால் எடுத்த படம். சவப்பெட்டிக்குள் தகப்பன். உண்மையாகவே முகம் பயங்கரமாக இருந்தது. கண்குழியும் ஒரு பக்கக் கன்னமும் தாடைக்குக் கீழும் கரி பூசினதுபோல. யாரோ அடித்துப் போட்டார்கள் என்றால் யாரும் நம்புவார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. முகத்தில் ஒரு மயிர்க்கனம்கூட நான் தொடவில்லை. கலியாணவீட்டில் மாப்பிள்ளையின் தாய் வந்து, "பொம்பிளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்று காதுக்குள் சொல்வாள். அதற்கே நான் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுகிற ஆள். செத்த மனிசனுக்கா பவுடர் பூசப் போகிறேன்?

2. பதினாறும் பூச்சியமும்

கோபம் போனபிறகு பயம் வந்தது. ஏனென்றால் முகம் இப்படிக் கறுப்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வருசத்திலேயே அதில் ஒருதரம் இடறுவார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

வீடியோவுக்குள் வெளிச்சம் எண்களாகத்தான் எழுதப்படுகிறது. ஒரு முறையில் முழுக்கறுப்பு பூச்சியம், முழுவெள்ளை இருநூற்று ஐம்பத்தைந்து. இது ஃபுல் ரேஞ்ச். கணினிகளின் பழக்கம். மற்ற முறை ரீவிக்காரருடையது. அதில் கறுப்பு பதினாறில் தொடங்கும், வெள்ளை இருநூற்று முப்பத்தைந்தோடு முடியும். இது லிமிட்டட் ரேஞ்ச். எந்த முறையில் எழுதியது என்று கோப்புக்குள்ளேயே ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். அதுதான் மெட்டாடேட்டா. கொத்தால் அரிசி அளந்து கொடுக்கும்போது, தலைதட்டி அளந்ததா குவித்து அளந்ததா என்று சொல்லிக் கொடுக்கிற மாதிரி. கொத்து ஒன்றுதான், சொல்லாமல் விட்டால் கணக்குப் பிழைக்கும்.

லிமிட்டட்டை ஃபுல் என்று வாசித்தால் படம் வெளிறிப்போகும். என் தொடக்க காலத்தில் ஒரு கலியாணத்தில் யாரோ போனில் எடுத்த துண்டுகளைச் சேர்த்தபோது அப்படி ஆனது. கூறைச்சேலை சிவப்பெல்லாம் சாம்பல் பிடித்துக் கிடந்தது. பொம்பிளையின் தகப்பன் பார்த்துவிட்டு, "ஏன் தங்கச்சி, எங்கடை கலியாணவீட்டைப் புகைக்குள்ளையோ நடத்தினது?" என்று கேட்டார். மனிசன் சிரித்துக்கொண்டு கேட்டதால் தப்பினேன்.

மறுவளமாக, ஃபுல்லை லிமிட்டட் என்று வாசித்தால் படம் முறுகிவிடும். பதினாறுக்குக் கீழே இருப்பதெல்லாம் ஒரே கறுப்பாகும். நிழலில் இருக்கிற எதுவும் இன்னும் இருண்டுபோகும். பந்தலுக்குக் கீழே, பகல் வெளிச்சம் ஒரு பக்கத்தால் மட்டும் விழுகிற எங்கள் ஊர் முகத்துக்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே சீலனைக் கூப்பிட்டேன். நேரலையின் பதிவைக் கொண்டுவரச் சொன்னேன்.

"என்ன அக்கா, என்ரை கமராவிலையோ பிழை பிடிக்கிறியள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"பிழை எங்கையெண்டு தெரிஞ்சால் ஏன் உம்மைக் கூப்பிடுறன்? இரும்."

பதிவைத் திறந்து குறிப்பைப் பார்த்தோம். சரியாக இருந்தது. ஸ்கோப்பில் போட்டுப் பார்த்தோம். ஸ்கோப் என்பது வெளிச்சத்தின் அளவை வரைபடமாகக் காட்டுவது. கண் ஏமாறும், அது ஏமாறாது. கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு, வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. என்னுடைய முடித்த வீடியோவையும் பக்கத்தில் போட்டோம். இரண்டும் ஒன்றேதான். நேரலையைப் போனில் பார்த்த வேறு சொந்தக்காரர் இரண்டு பேரைச் சீலன் கூப்பிட்டுக் கேட்டார். முகம் நித்திரை கொள்கிற மாதிரி இருந்தது என்றார்கள்.

அப்படியானால் குகன் மட்டும் எந்தத் தகப்பனைப் பார்த்தார்? எனக்கு விளங்கவில்லை. "எங்கடை பக்கம் சரி அக்கா, விடுங்கோ" என்று சீலன் எழும்பப் பார்த்தார். நான் விடவில்லை. எங்கள் பக்கம் சரி என்று சொல்லி முடிக்கிற கதையாக அது இல்லை. அண்ணன் தங்கச்சியைத் தகப்பனை அடித்தவள் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார். இன்னும் கொஞ்ச நாளில் கீரிமலைக் கடற்கரையில் முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி. கால் தேறிவிடும், அதற்கு வருவேன் என்று சொன்னவர், இப்போது வரமாட்டேன் என்கிறார் என்று அந்தச் சொந்தக்காரர்தான் சொன்னார்கள்.

3. அழிக்கச் சொன்ன காயம்

பின்னேரம் வதனி வந்தாள். ஸ்கூட்டியை மதிலோடு சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியில் இருந்துவிட்டாள். அழுது முடித்த முகம்.

"அண்ணை போன் எடுக்கிறார் இல்லை அக்கா. மச்சாளுக்குச் சொல்லியிருக்கிறார், நான் அப்பாவைக் கவனிக்காமல் விழுத்திச் சாக்காட்டிப்போட்டனெண்டு. கிணத்தடிக்கும் நான்தான் கொண்டுபோறனான். சோறு ஊட்டினதும் நான்தான். அவருக்கு ரீவியிலை தெரிஞ்ச கறுப்புத்தான் பெரிசு."

ஹெல்மெட்டைக் கழற்றவைத்து உள்ளே கூட்டி வந்து வீடியோவைக் காட்டினேன். தகப்பனின் முகம் வந்ததும் கிட்டப்போய்ப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, ஒரு உதவி. நெத்தியிலை உந்தச் சின்னத் தழும்பு இருக்கெல்லோ, உதை அழிச்சு விடேலுமோ?"

அதுவரை அதை நான் கவனிக்கவில்லை. வலது புருவத்துக்கு மேலே, திருநீற்றுப் பூச்சின் ஓரத்தில், ஒரு விரல்நுனி அகலத்துக்குக் காய்ந்த காயம்.

"உது எப்பிடி வந்தது?"

"சாகிறதுக்கு முதல் கிழமை கிணத்துக்கட்டிலை வழுக்கினவர். நான் துவாய் எடுக்கத் திரும்பின நேரம். டொக்டரிட்டைக் கொண்டுபோய்க் காட்டினனான், ஒண்டுமில்லை எண்டு மருந்து போட்டு விட்டவர். அப்பா செத்தது நெஞ்சு வருத்தத்திலை. ஆனா அப்பா விழுந்ததை நான் அண்ணைக்குச் சொல்லேல்லை. அவருக்கு அடுத்தநாள் ஒப்பரேசன். இப்ப உதைக் கண்டாரெண்டால் என்னை விடமாட்டார்."

அழிப்பது பெரிய வேலையில்லை. பக்கத்துத் தோலை எடுத்து மேலே வைத்துவிட்டால் முடிந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கும் கை போனது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் காலையில் கேட்ட குரல் இன்னும் காதுக்குள் இருந்தது.

"வதனி, நான் அதிலை கைவைச்சால், உம்மடை அண்ணை காலமை சொன்னதெல்லாம் உண்மையாப் போகும். இப்ப நான் அந்த மனிசனுக்கு மறுமொழி சொல்லலாம். அழிச்சாப்பிறகு என்ன வாயாலை சொல்லுறது?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீங்களும் அவர் பக்கம்தான்" என்றாள். எழும்பி ஹெல்மெட்டை மாட்டினாள். வாசலில் நின்று, என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல் சொன்னாள்:

"அவர் அனுப்பின சேட்டைத் தேடி எடுத்து, ஸ்திரிக்கைப்பெட்டியாலை மினுக்கி, அதைத்தான் அப்பாவுக்குப் போட்டு விட்டனான். அதையும் போடேல்லையெண்டு சொல்லுறாராம். ஆரோ குடுத்த வெறும் வெள்ளைச் சேட்டைப் போட்டு எரிச்சுப்போட்டனாம்."

"என்ன சேட்?"

"போன வருசம் அனுப்பினது. வெள்ளையிலை மெல்லிசாச் சந்தனக் கோடு போட்டது."

நான் திரும்பி என் திரையைப் பார்த்தேன். சேட்டில் கோடு இருந்தது. வெள்ளைக்கு மேலே வெள்ளை மாதிரி, மிக மெல்லிய சந்தன நிறக் கோடுகள். பிறகு குகன் அனுப்பிய ரீவிப் படத்தை எடுத்துப் பெரிதாக்கினேன். காலையில் இருந்து அதில் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சேட்டில் ஒரு கோடும் இல்லை. மடிப்புக்கூட இல்லை. ஒரே வெள்ளைப் பாளம்.

"வதனி, ஹெல்மெட்டைக் கழட்டும். போகாதேயும்" என்றேன்.

காயமோ அடியோ முகத்தைக் கறுப்பாக்கலாம். சேட்டின் கோட்டை அது அழிக்காது. ஆனால் ரேஞ்ச் பிழைத்தால் இரண்டும் சேர்ந்தே நடக்கும். கீழே கறுப்பை விழுங்குவது போலவே மேலே வெள்ளையையும் விழுங்கும். இருநூற்று முப்பத்தைந்துக்கு மேலே இருக்கிற சந்தனக் கோடும் வெள்ளைத் துணியும் ஒன்றாகிவிடும். படத்தின் ஓரத்தை இழுத்துப் பார்த்தேன். ரீவிக்குப் பக்கத்தில் ஒரு லப்டொப். அதிலிருந்து ரீவியின் பின்பக்கம் போகிற எச்.டி.எம்.ஐ. வயர்.

4. இரண்டு ரீவி

சொன்னால் வதனிக்கு விளங்காது என்று செய்து காட்டினேன். அறை மூலையில் நான் வாடிக்கையாளருக்குப் போட்டுக்காட்ட வைத்திருக்கிற பழைய ரீவி இருந்தது. லப்டொப்பை அதில் கொழுவினேன். லப்டொப் ஃபுல்லில் அனுப்ப, ரீவியை லிமிட்டட் என்று எடுக்க வைத்தேன். பெட்டியின் காட்சியைப் போட்டேன்.

வதனி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே கனடாவில் இருந்து வந்த படம். கறுத்த கண்குழி, கறுத்த கன்னம், கோடில்லாத சேட். நெற்றிக் காயத்தைத் தேடினேன், காணவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் இருட்டுக்குள் போயிருந்தது.

"அண்ணை இதையோ அக்கா பாத்தவர்? விடிய விடிய இருந்து இதையோ பாத்தவர்? நானெண்டாலும் அப்பிடித்தான் கேட்டிருப்பன்."

அதுவரை தமையனைத் திட்டிக்கொண்டு வந்தவள் அதோடு திட்டுவதை விட்டுவிட்டாள்.

குகன் அவளுடைய அழைப்பை எடுக்கமாட்டார் என்பதால் என் போனில் இருந்து எடுத்தேன். வீடியோ அழைப்பு. அங்கே விடிந்துகொண்டிருந்தது. கதிரையில் காலை நீட்டி இருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல்.

"என்ன அக்கா, நியாயம் கதைக்கப் போறியளோ?"

"நியாயம் பிறகு கதைப்பம். முதல் எனக்கொரு வேலை செய்து தாங்கோ. செத்தவீட்டண்டு லப்டொப்பை வயராலை ரீவிக்குக் குடுத்துத்தானே பாத்தனீங்கள்?"

"ஓம். அதுக்கென்ன?"

"நான் அனுப்பின புது வீடியோவை எதிலை பாத்தனீங்கள்?"

"போனிலை. முகம் வந்த உடனை நிப்பாட்டிப்போட்டன். பொய்யை ஏன் முழுக்கப் பாப்பான்?"

"அதே வீடியோவை அதே லப்டொப்பிலை போட்டு அதே ரீவியிலை பாருங்கோ."

முணுமுணுத்துக்கொண்டு எழும்பினார். போனைத் தட்டில் நிறுத்தி வைத்தார், எங்களுக்கும் ரீவி தெரிந்தது. வீடியோ ஓடியது. தகப்பனின் முகம் வந்தது. கறுத்திருந்தது.

"இப்ப கறுப்பாத் தெரியுது" என்றார். குரலில் இருந்த காரம் குறைந்திருந்தது. "போனிலை துப்புரவாக் கிடந்ததெல்லோ?"

"ஒரே வீடியோதான் தம்பி. நான் மாத்தேல்லை. உங்கடை ரீவிதான் மாத்துது. அதை அப்பிடியே நிப்பாட்டிப்போட்டு, ரீவி ரிமோட்டை எடுங்கோ. படம் சரிசெய்யிற மெனுவுக்குள்ளை எச்.டி.எம்.ஐ. ரேஞ்ச் எண்டு ஒண்டு இருக்கும். லிமிட்டட் எண்டு கிடக்கோ?"

தேடிக் கண்டுபிடிக்க நேரமெடுத்தது. ஒவ்வொரு பெயராக வாசித்தார். கடைசியில், "ஓம், கிடக்கு" என்றார்.

"ஃபுல்லுக்கு மாத்துங்கோ. மாத்திப்போட்டு முகத்தைப் பாக்காதேங்கோ. சேட்டைப் பாருங்கோ."

மாற்றினார். எங்களுக்கு அவருடைய முதுகும் ரீவியின் ஒரு பக்கமும்தான் தெரிந்தன. கதிரையைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போனார். எனக்குப் பக்கத்தில் வதனி என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்து நோகிற அளவுக்கு.

"கோடு வருது" என்றார் குகன். பிறகு இன்னொருதரம், மெதுவாக: "என்ரை சேட்."

திரும்பிப் போனைப் பார்த்தபோது அவர் கண் நிறைந்திருந்தது. "வதனி நிக்கிறாளோ உங்கை?"

போனை அவளிடம் கொடுத்தேன். வெளியே போகலாம் என்று எழும்பினேன், அவள் விடவில்லை. நான் நினைத்தது, எல்லாம் முடிந்தது, இனி அழுவார்கள், அவ்வளவுதான் என்று. கோடு வந்ததோடு தமையனின் சந்தேகம் போய்விட்டது. அவள் வாயைத் திறக்காமல் விட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் சொன்னாள்.

"அண்ணை, அப்பிடியே அப்பாவின்ரை நெத்தியைப் பாருங்கோ. வலதுபக்கப் புருவத்துக்கு மேலை. அங்கை ஒரு காயம் இருக்கு. அது உண்மையான காயம். கிணத்துக்கட்டிலை வழுக்கினவர். நான் துவாய் எடுக்கத் திரும்பினனான். உங்களுக்குச் சொல்லேல்லை."

ரெயில் ஒன்று போனது. மேசையெல்லாம் அதிர, அவர் ரீவிக்குக் கிட்டக் குனிந்து நெற்றியைப் பார்த்தார்.

"ஏனடி சொல்லேல்லை?"

"உங்களுக்கு விடிஞ்சால் ஒப்பரேசன். என்னெண்டு சொல்லுறது?"

"நொந்ததோ அவருக்கு?"

"கொஞ்சம். மருந்து போடேக்கை என்னைப் பேசினவர். உனக்குக் கை பாரமெண்டு."

குகன் சிரித்தார். சிரிப்பு அழுகையாகிப் போனது. "எனக்கும் உதைத்தான் சொல்லுறவர்" என்றார். அதற்குமேல் அவர்கள் கதைத்ததை எழுதுவதற்கு எனக்கு உரிமையில்லை. நான் வெளியே வந்து ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

5. கடைசித் திருத்தம்

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "என்ரை ஸ்கிரீனிலை சரியா இருக்கு" என்று நாங்கள் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். அதைச் சொல்லிவிட்டு எழும்பிப் போகலாம், ஒருவரும் பிடிக்கமாட்டார்கள். அன்று சீலனும் நானும் போயிருந்தால் எங்கள் கோப்பில் ஒரு பிழையும் இல்லை, ஒரு குடும்பம் மட்டும் முறிந்திருக்கும். வாடிக்கையாளர் கறுப்பு என்றால் அவர் பொய் சொல்லவில்லை. எதில் பார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். முடிந்தால் அவர் பார்த்ததை நீங்களும் ஒருதரம் பாருங்கள். வதனி தமையனை மன்னித்தது என் ஸ்கோப்பைப் பார்த்து இல்லை. அவர் கண்ட முகத்தை அந்தப் பழைய ரீவியில் தானும் கண்டதால்தான்.

இப்போது வெளியூருக்குப் போகிற ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் ஒரு சின்ன அட்டை வைக்கிறேன். வெள்ளைக்கு மேலே சந்தனக் கோடு. கறுப்புக்கு மேலே கொஞ்சம் குறைந்த கறுப்பில் இன்னொரு கோடு. இரண்டு கோடும் தெரியாவிட்டால் பார்ப்பதை நிறுத்திவிட்டு எனக்குப் போன் எடுங்கள் என்று கீழே எழுதியிருக்கும். சீலன் அதைப் பார்த்து, "அக்கா கண் டொக்டராப் போயிட்டா" என்று பகிடி பண்ணுவார். பண்ணட்டும்.

குகன் அந்தியேட்டிக்கு வந்தார். கீரிமலையில் கேணிப் படியால் இறங்க வதனியின் தோளைப் பிடித்துக்கொண்டார் என்று சீலன் சொன்னார். அதையும் சீலன்தான் எடுத்தவர்.

திரும்பிப் போவதற்கு முன் இருவரும் கொக்குவிலுக்கு வந்தார்கள். நேரில் பார்த்தால் அந்தக் குரலுக்கும் ஆளுக்கும் தொடர்பில்லை, சாதுவான மனிசன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார், நான் தேத்தண்ணியைக் கையில் கொடுத்து நிறுத்தினேன். முடிந்த வீடியோவைப் பெரிய திரையில் மூவரும் இருந்து பார்த்தோம். வதனி சுடலைக்காட்சியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். தமையன் அவள் பக்கம் திரும்பாமலே கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பென் டிரைவில் போடுவதற்கு முன் வழக்கம்போலக் கேட்டேன், ஏதாவது திருத்த வேண்டுமா என்று.

குகன் வதனியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்டும் வேண்டாம் அக்கா" என்றார். "நெத்தியிலை இருக்கிற காயத்தை மட்டும் ஆரும் எடுத்துப்போடாமல் பாத்துக்கொள்ளுங்கோ. அவள் உண்மை சொன்னதுக்கு அதுதான் சாட்சி."